நினைவிற் குடியிருந்தவை

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இப்பகுதியிலே கணினியின் உள்ளறைகளைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என்று அன்பர்கள் சிலர் ஐயுறக்கூடும். ஐயம் நியாயமானதே. ஆயினும், தமிழெழுத்து ஈயத்தை விட்டு மின்திரைக்கு ஏறிய நாட்களில் எவ்வளவு ஒடுங்கிய இடத்தில், எத்தகைய அயலாரோடு, எந்த நிபந்தனையின் மேல் அது குடியிருந்தது என்பதை அறியாதவர் அக்காலத்து அச்சுத் தமிழின் வரலாற்றை எழுதிவிட முடியாது. அந்த இடத்தின் அளவு 640 கிலோபைட்டு. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அதனிலும் சில மடங்கு இடம் வேண்டும்.

நான் சொல்லப் புகும் செய்தி 1993ஆம் ஆண்டிலே கொட்டாஞ்சேனையில் நிகழ்ந்தது. ஜம்பட்டா வீதியிலிருந்து கிளைத்த ஓர் ஒழுங்கையில் சிறிய அச்சகம் ஒன்று இருந்தது. இன்று அது இல்லை. கலியாண அழைப்பிதழ், கோயில் நோட்டீசு, பாடசாலை ஆண்டு மலர் முதலியன அங்கே அச்சாகும். எல்லாவற்றிலும் மேலாக அச்சகத்துக்குச் சோறு போட்டது கல்வெட்டு. இறந்தவரின் முப்பத்தோராம் நாளன்று வந்தவர் கையிலே கொடுக்கும் நினைவு மலரை நம்மவர் அப்பெயரால் வழங்குவர். காகிதத்தில் அச்சிடுவதைக் கல்வெட்டு என்பது விந்தையே. ஆனால் அதனிலும் உறுதியாக நாள் குறித்த அச்சு வேலை வேறொன்றில்லை. கலியாணத்தைத் தள்ளிவைக்கலாம். முப்பத்தோராம் நாளைத் தள்ளிவைக்க இயலாது.

அவ்வச்சகத்தின் அச்சுக்கோப்பாளர் யாழ்ப்பாணத்தவர். இளமை முழுவதும் ஈய எழுத்தோடு வாழ்ந்தவர். ஐம்பது வயதுக்குமேல் விசைப்பலகை பழகியவர். நான் அவரை அண்ணை என்பேன். எனக்கு அப்பொழுது இருபத்திரண்டு வயது. மாலையிலே வெள்ளவத்தையில் ஒரு கணினி வகுப்பில் மாணவன். காலையிலே சிறுவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர். இவ்விரண்டு தகுதிகளும் சேர்ந்து, கொட்டாஞ்சேனையில் எந்தக் கணினி முரண்டு பிடித்தாலும் என்னை அழைக்கும் நிலைமையை உண்டாக்கியிருந்தன. நானும் மறுப்பதில்லை. அரைகுறையாய்க் கற்றவனுக்கு அழைப்பினும் இனியது வேறென்ன?

நடந்ததைச் சொல்லுமுன் அக்காலத்துக் கணினியின் வீட்டமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஓகஸ்டில் வெளியிட்ட தனியாள் கணினியின் செயலி 1,048,576 பைட்டுகளுக்கு முகவரி இடவல்லது. அதன் மேற்பகுதியில் 384 கிலோபைட்டைத் திரைக்கும் நிலையான நினைவகத்துக்குமாக ஒதுக்கிவிட்டுக் கீழ்ப்பகுதி 640 கிலோபைட்டைச் செய்நிரல்களுக்கு விட்டார்கள். பின்னர் வந்த கணினிகளில் நினைவகம் பெருகிற்று. ஆயினும் டொஸ் என்னும் பணிசெயல் முறைமை அந்தப் பழைய வேலிக்குள்ளேயே பெரும்பாலும் சமையல் செய்தது. டொஸ் இயல்பிலே ஒரு நேரத்தில் ஒரு விருந்தாளியையே ஏற்கும் வீடு. ஒரு செய்நிரல் வரும்; தன் கருமத்தை முடிக்கும்; இடத்தைக் காலிசெய்து போகும்; பின்னரே அடுத்தது வரும்.

இவ்வொழுங்குக்குப் புறம்பான ஒரு சலுகையும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ‘என் வேலை முடிந்தது, ஆனால் என் அறையை எடுத்துவிடாதே’ என்று சொல்லிக்கொண்டு ஒரு செய்நிரல் ஓய்வுபெறலாம். 1983இல் வந்த டொஸ்சின் இரண்டாம் பதிப்பு இச்சலுகையை விரிவாக்கியது. கோப்புகளை வரிசையில் நிறுத்தி, நாம் வேறு வேலை செய்யும்போதே பின்னாலிருந்து அச்சுப்பொறிக்கு அனுப்பும் ‘பிரின்ட்’ என்னும் செய்நிரல் அப்பதிப்போடு வந்தது. அடுத்த ஆண்டிலே போர்லண்ட் நிறுவனம் விற்ற ‘சைட்கிக்’ பெரும் புகழ் பெற்றது. எந்த வேலையின் நடுவிலும் இரு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் குறிப்பேடும் கணக்குப் பலகையும் திரையில் தோன்றும். மீண்டும் அழுத்தினால் மறையும். அதன் பின்னர் இத்தகைய தங்கு நிரல்கள் மழைக்குப்பின் காளான்போல் முளைத்தன.

உறங்கும் செய்நிரலை எழுப்புவது யார்? கணினி நினைவகத்தின் அடித்தளத்திலே, முதல் 1,024 பைட்டுகளில், ஒரு முகவரிப் பட்டியல் உண்டு. மொத்தம் 256 முகவரிகள். ஒவ்வொன்றும் நான்கு பைட்டு. விசை ஒன்றை அழுத்தியதும் செயலி தன் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுப் பட்டியலின் 9ஆம் இலக்கத்தைப் பார்த்து, அங்கு குறித்த வீட்டுக்குச் செல்லும். கடிகாரம் நொடிக்குப் பதினெட்டுத் தடவைக்குச் சற்று மேலாக 8ஆம் இலக்கத்தைத் தட்டும். தங்க விரும்பும் செய்நிரல் செய்வது இதுதான்: பட்டியலிலிருந்த பழைய முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு, அவ்விடத்திலே தன் முகவரியை எழுதிவிடும். அன்று முதல் விசையின் செய்தி முதலில் அதனிடமே வரும். தனக்குரியதாயின் எடுத்துக்கொள்ளும், அன்றெனின் பழைய முகவரிக்கு அனுப்பி வைக்கும். அடுத்து வரும் தங்கு நிரலும் இவ்வாறே செய்யும். இங்ஙனம் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து நிற்பதுபோல ஒரு சங்கிலி உண்டாகும். நடுவில் நிற்பவர் சொல்லாமற் போய்விட்டால், பின்னால் நிற்பவரின் கை வெறுவெளியில் விழும்.

தமிழும் இச்சங்கிலியில் நின்ற ஒரு கண்ணியே. 1980களில் தமிழுக்கெனச் செய்நிரல் எழுதியோர் பலர். கனடாவிலிருந்து சீனிவாசன் என்பார் ‘ஆதமி’யை ஆக்கினார், கொழும்புப் பல்கலைக்கழகத்தார் மும்மொழிக்கும் பொதுவான ‘வதன் தருவ’வைச் செய்தனர். இவற்றினும் எளியனவாய், ஊர்பேர் தெரியாமல் நெகிழ்வட்டிலே கைமாறி வந்த சிறு தங்கு நிரல்களும் இருந்தன. கொட்டாஞ்சேனை அச்சகத்தில் இருந்தது அவ்வகையானது. திரையின் எழுத்துக் கட்டம் ஒன்று எட்டுப் புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம். ஓர் எழுத்துக்குப் பதினாறு பைட்டு. 256 எழுத்துக்கு 4,096 பைட்டு. முதற்பாதியில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும். பிற்பாதியிலே பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகளும் கோட்டு வடிவங்களும் இருந்த 128 இடங்களில் தமிழ் ஏறி அமரும். எட்டுப் புள்ளி அகலத்தில் ‘ட’ வசதியாய் இருக்கும். ‘ண’வும் ‘ணூ’வும் எப்படி இருக்கும்? அவற்றுக்கு இரண்டிரண்டு கட்டங்கள் கொடுக்க வேண்டியிருந்தது. திரையிலே ‘ஐ’யின் வால் பக்கத்து வீட்டுக்குள் நீண்டிருக்கும். அழகைப் பற்றிப் பேசுதற்கில்லை. ஈயத்திலே அழகு கண்ட அண்ணை அத்திரையைப் பார்த்து ஒரு நாளும் குறை சொன்னதில்லை என்பதை இன்று நினைக்க வியப்பாயிருக்கிறது.

இனிக் கதைக்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் கல்வெட்டு. மறுநாட்காலை மலர் கையில் இருக்கவேண்டும். எழுதும் செய்நிரலிலே அண்ணை எழுத்தைக் கோத்துவிட்டார். பக்கம் அமைக்கும் செய்நிரலைத் திறந்தால் நினைவகம் போதாது என்று அது மறுத்துவிட்டது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஆளனுப்பி என்னை அழைத்தார்.

“தம்பி, மெமரி காணாதெண்டு சொல்லுது. நேற்று வரைக்கும் காணுமாயிருந்தது. இண்டைக்கு என்னெண்டு காணாமற் போச்சு? பாரும் ஒருக்கா.”

நேற்றுவரை போதியது இன்று ஏன் போதவில்லை என்பதே சரியான கேள்வி. அண்ணை அதைக் கேட்டுவிட்டார். நான் அதனைக் காதில் வாங்கவில்லை.

குடியிருப்போரைக் காட்டும் கட்டளை ஒன்றுண்டு. ‘மெம்’ என்பது அதன் பெயர். 1988இல் வந்த டொஸ்சின் நான்காம் பதிப்பிலே தோன்றி, 1991இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வகைப்படுத்திக் காட்டும் திறமையும் பெற்றது. அதனைத் தட்டியதும் ஒரு பட்டியல் இறங்கிற்று: டொஸ், சுட்டியின் இயக்கி, கட்டளைகளை வாங்கும் ‘கொமாண்ட்’, அச்சு வரிசையைக் காக்கும் ‘பிரின்ட்’, தமிழ் நிரல், முதலாளியின் மகன் எங்கிருந்தோ கொண்டுவந்து ஏற்றியிருந்த கணக்குப் பலகை. கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்வேன். தங்கு நிரல்களுள் தமிழே மிகப் பருத்தது. ஏறக்குறைய நாற்பது கிலோபைட்டு. பக்கம் அமைக்கும் செய்நிரலுக்கோ தன் சொந்த எழுத்துருக்கள் உண்டு. எனவே இந்த வேளையில் திரைத்தமிழ் வேண்டியதில்லை. அதனை வெளியேற்றினால் இடம் கிடைக்கும். என் தருக்கம் இவ்வளவே. வகுப்பிலே கேட்டிருந்தால் முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும்.

தமிழ் நிரலுக்குத் தன்னைத் தானே அகற்றும் கட்டளை இருந்தது. அதனைக் கொடுத்தேன். போக முடியாது என்று ஒரு வரியில் மறுமொழி வந்தது. நன்றாக எழுதப்பட்ட தங்கு நிரல் ஒன்று வெளியேறுமுன் முகவரிப் பட்டியலைப் பார்க்கும். 9ஆம் இலக்கத்தில் இன்னும் தன் முகவரியே இருக்குமாயின் பழைய முகவரியைத் திருப்பி எழுதிவிட்டுப் போகும். அங்கே வேறொருவரின் முகவரி இருக்குமாயின் தனக்குப் பின் ஒருவர் வந்து தன் தோளில் கைவைத்திருக்கிறார் என்று அறிந்து, போக மறுக்கும். கடைசியில் வந்தவரே முதலிற் போகவேண்டும் என்பது அவ்வீட்டு நியதி. கடைசியாக வந்த கணக்குப் பலகை விசையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கோ தன்னை அகற்றும் வழியே தெரியாது.

இத்தகைய சிக்கலை முன்னறிந்து வழி செய்தவர்களும் இருந்தார்கள். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்கரான கிம் கொக்கனன் சில சிறு கருவிகளை எழுதி இலவசமாய்ப் பரப்பினார். அவற்றுள் ‘மார்க்’ என்பது தங்கு நிரல்களை ஏற்றுமுன் முகவரிப் பட்டியலை அப்படியே படியெடுத்து வைக்கும். ‘ரிலீஸ்’ என்பது பின்னர் அப்படியைத் திருப்பி எழுதி, அடையாளத்துக்குப் பின் வந்த எல்லோரையும் ஒருசேர வெளியேற்றும். எல்லை நாட்டி வைத்தவனுக்கு வழக்கில்லை. ஆனால் அடையாளம் முன்கூட்டியே இட்டிருக்க வேண்டும். அச்சகத்தின் கணினியிலே எவரும் இட்டிருக்கவில்லை.

என்னிடம் வேறொரு கருவி இருந்தது. பெயர் சொல்லி ஓர் அறையைக் காட்டினால் அவ்வறை காலி என்று ஏட்டில் எழுதிவிடும்; முகவரிப் பட்டியலைத் தொடாது. அதனை ஏவினேன். மறுபடி ‘மெம்’ கேட்டேன். தமிழ் நிரலின் பெயர் பட்டியலில் இல்லை.

வியப்பு என்னவெனில், திரையில் தமிழ் இருந்தது. அண்ணை தம் அச்சகத்தின் பெயரைக் கட்டளை வரியின் தலைப்பாகத் தமிழிலே வைத்திருந்தார். அது அப்படியே நின்றது. எழுத்தின் புள்ளி வடிவங்கள் திரை அட்டையின் சொந்த நினைவகத்தில் முன்னரே இறக்கப்பட்டிருந்தமையால், இறக்கியவர் போன பின்னும் அவை அங்கே கிடந்தன. நான் பெருமையோடு அண்ணையைப் பார்த்தேன். பக்கம் அமைக்கும் செய்நிரலைத் திறந்தேன். திரை ஒரு கணம் இருண்டு வேறு நிலைக்கு மாறிற்று. பின்னர் நினைவகம் போதாது என்னும் அதே பழைய செய்தி. திரை மீண்டும் எழுத்து நிலைக்குத் திரும்பியபோது அச்சகத்தின் பெயர் இருந்த இடத்திலே புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாய் நின்றன. நிலை மாறுந்தோறும் தமிழ் வடிவங்களைத் திரும்ப ஏற்றி வைக்கும் காவலாளி இப்பொழுது இல்லை.

இடம் ஏன் கிடைக்கவில்லை? காலியான நாற்பது கிலோபைட்டும் நடுவில் இருந்த அறை. அதற்கு மேலே வேறு பலர் குடியிருந்தனர். பெரிய செய்நிரலுக்கு ஒரே தொடராக இடம் வேண்டும். இரண்டு பக்கமும் ஆளிருக்கும் அறையால் அதற்குப் பயனில்லை. ஆயினும் புதிதாய் வந்த செய்நிரலுக்காகத் தன் சிறு சாமான்கள் சிலவற்றை டொஸ் அந்தக் காலி அறையில் வைத்திருக்க வேண்டும். முகவரிப் பட்டியலோ விசையின் செய்தியை, கணக்குப் பலகையின் வழியாக, இன்னமும் அவ்வறைக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. நான் ஒரு விசையைத் தட்டினேன். கணினி நின்றுவிட்டது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி மீளத் தொடங்கும் வழியும் பயன்படவில்லை. அச்செய்தியும் அதே பாழறைக்குத்தானே போகவேண்டும்! மின்னை நிறுத்தினேன்.

முதலாளி எட்டிப் பார்த்து, “வைரசோ?” என்றார். அக்காலத்தில் எதற்கும் அவ்வையமே முதலில் எழும், காரணமும் இருந்தது. பட்டியலிற் பெயர் காட்டாமலே தங்கும் குடிகளும் உண்டு. 1986இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்னும் ஆல்வி சகோதரர் ஆக்கிய ‘பிரெய்ன்’ நெகிழ்வட்டின் முதற்கூற்றிலிருந்து நினைவகத்தின் உச்சியில் ஏறி அமர்ந்துகொள்ளும். வட்டின் அப்பகுதியை யாரேனும் படிக்க முற்பட்டால், தான் மறைத்து வைத்த மூலப் பிரதியை எடுத்துக் காட்டும். திருடனே வாயிற் காவலனாகவும் நின்று, உள்ளே திருடன் இல்லை என்று சான்று சொல்வதை ஒக்கும் இது. நியூசிலாந்திலிருந்து பரவிய ‘ஸ்டோன்ட்’ அவ்வளவு தந்திரமில்லாதது. அது தங்கியிருக்கும் கணினியில் மொத்த நினைவகம் 655,360 பைட்டுக்குப் பதிலாக 653,312 பைட்டு என்று காட்டும்; அந்த இரண்டு கிலோபைட்டுக் குறைவே அதன் காலடித் தடம். இவற்றைக் காணவும் களையவும் ஒரே நல்ல வழி, தூய்மையானதெனத் தெரிந்த நெகிழ்வட்டிலிருந்து கணினியைத் தொடங்கி, குடியேறியவர் விழிக்குமுன் பார்ப்பதுதான். நானும் அவ்வாறு பார்த்தேன். 655,360 பைட்டும் குறைவின்றி இருந்தன. அன்று அக்கணினிக்குள் அத்துமீறிப் புகுந்தவன் நான் ஒருவனே.

அப்பொழுது அண்ணை மெல்லக் கேட்டார்: “தம்பி, நான் எழுதிக்கொண்டிருந்தது அப்பிடியே கிடக்கும்தானே? வெளியிலை வந்து நிண்டனான், மூடேல்லை.”

பட்டியலின் அடியிலே இரண்டு வரிகள் இருந்தன என்றேனல்லவா? ஒன்று எழுதும் செய்நிரலின் பெயர். மற்றது ‘கொமாண்ட்’ என்பதே இரண்டாம் முறை. எழுதும் செய்நிரலை மூடாமல், அதனை உள்ளே இருத்திவிட்டுத் தற்காலிகமாகக் கட்டளை வரிக்கு வரும் ஒரு வழி இருந்தது. முதலாளியின் மகன் அன்று காலையிலேதான் அவ்வித்தையை அண்ணைக்குக் காட்டிக் கொடுத்திருந்தான். ஆகவே, எழுதும் செய்நிரல் தன் முழுப் பருமனோடும் கல்வெட்டின் பக்கங்களோடும் நினைவகத்தில் இருந்தது. இடம் போதாமைக்குக் காரணம் அதுவே. ‘கொமாண்ட்’ இருமுறை வந்தால் ஒருவர் வெளியே வந்து நிற்கிறார் என்பது பொருள்; கண் முன் இருந்ததை நான் வாசிக்கவில்லை. உள்ளே திரும்பிப்போய்ச் சேமித்து, முறையாக மூடியிருந்தால் போதும். தமிழ் நிரலைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. அன்று மாலையில் எல்லாக் குடிகளும் தத்தம் இடத்தில் இருக்கவே, பக்கம் அமைக்கும் செய்நிரல் ஒரு முணுமுணுப்புமின்றித் திறந்துகொண்டது.

காலை தொட்டுக் கோத்த பக்கங்கள் போய்விட்டன. பெரும்பாலானவற்றுக்குக் கையெழுத்துப் பிரதி இருந்தது. ஆனால் எட்டு வரிகளுக்கு இல்லை. இறந்தவரின் தமக்கையார், எழுதிப் பழகாதவர், அச்சகத்துக்கே வந்து அண்ணையின் பக்கத்தில் அமர்ந்து, தம்பியை நினைத்துச் சொன்ன ஒப்பாரி அது. அவர் சொல்லச் சொல்ல அண்ணை தட்டியிருக்கிறார். அண்ணை என்னை ஏசவில்லை. விசைப்பலகையின் முன் அமர்ந்து, கண்ணை மூடி, விரல்களை ஓட்டி ஆறு வரிகளை மீட்டுவிட்டார். ஐந்தாவதும் ஆறாவதும் வரவில்லை. “ஓடிப்போய் அந்த அம்மாவிட்டைக் கேட்டு எழுதிக்கொண்டு வாரும்” என்றார்.

155ஆம் இலக்கப் பேருந்து கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர அன்று ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வீடு. வாசலில் வீட்டுக்காரர் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். வீட்டில் குடியிருப்போர் விபரம். பொலிசுக்குக் கொடுக்க வேண்டியது. பெயர், அடையாள அட்டை இலக்கம், எங்கிருந்து வந்தவர், எதற்கு வந்தவர், எத்தனை நாள். கிளாலிக் கடனீரேரியைக் கடந்து தம்பியின் கடமைக்கென வந்திருந்த அந்த அம்மாவின் பெயர் கடைசியாக இருந்தது. தங்கு நிரலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலே ‘குடியிருப்பவர்’ என்னும் பொருளே இருக்கிறது. அதனைத் தமிழாக்கும்போதெல்லாம் அந்தப் படிவம் என் கண்முன் வந்து நிற்கும். 2007 யூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியபோதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தபோதும், நான் எண்ணியது அப்படிவத்தையே.

அந்த அம்மாவுக்கு அவ்விரு வரிகள் நினைவிலில்லை. “அது அப்ப வந்தது, மோனை. இனி எங்கை தேடுறது?” என்றார். சிறிது நேரம் கடலோசை வந்த திசையைப் பார்த்திருந்துவிட்டு வேறிரண்டு வரி சொன்னார். முன்னையவை எவ்வாறிருந்தன என்று எவர்க்கும் தெரியாது. புதியவை நன்றாகவே இருந்தன. என் கைவிரல் நடுங்க எழுதிக்கொண்டு திரும்பினேன். மலர் விடியற்காலை நான்கு மணிக்கு அச்சேறிற்று.

அன்றிரவு அண்ணை மும்முறை சேமித்தார். ஒரு பிரதியை மூன்றரை அங்குல நெகிழ்வட்டில் எடுத்து, “உம்மட்டை இருக்கட்டும்” என்று என்னிடம் தந்தார். அவ்வட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அண்மையில் அதனைத் திறந்து பார்த்தேன். பழைய கணினி வேண்டியதில்லை. புதிய கணினிக்குள்ளே பழையதைப் போல நடிக்கும் ‘டொஸ்பொக்ஸ்’ போன்ற மென்பொருள்கள் இப்போது உள்ளன. கோப்பு ஒரு பைட்டும் சிதையாமல் இருந்தது. வாசிக்கத்தான் முடியவில்லை. 1991இலேயே யுனிகோடு தமிழுக்கு இடம் வகுத்துவிட்டது; இலங்கையிலே 2008இல் ரெங்கநாதன் விசைப்பலகையோடு எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரமும் வந்தது. ஆனால் கொட்டாஞ்சேனைக் கோப்பு அவற்றுக்கு முந்திய, பெயரற்ற ஒரு முறையில் எழுதப்பட்டது. எந்த எண் எந்த எழுத்து என்பது அந்தத் தங்கு நிரலுக்கு மட்டுமே தெரியும். அந்நிரல் எந்த வட்டிலும் அகப்படவில்லை. திரை நிறைய அன்று கண்ட அதே கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

அச்சிட்ட மலர் ஒன்று என்னிடம் இருந்தமையால் அதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்தாக ஒப்பிட்டு ஓர் அட்டவணை செய்தேன். பதினேழு நாள் பிடித்தது. 128 இடங்களில் பெரும்பாலானவை தெளிந்துவிட்டன. இருவரிகளுக்கும் உரிய இடத்தைக் கண்டபோது, ‘மோனை’ என்னும் சொல்லை அண்ணை ‘மகனே’ என்று திருத்திக் கோத்துப் பின்னர் பழையபடி மாற்றியிருப்பதும் தெரியவந்தது. கோப்பின் அடியில் தள்ளிவைத்த ஒரு வரியிலே திருத்தம் அப்படியே கிடந்தது.

பதினொரு இடங்கள் இன்னும் வெறுமையாயுள்ளன. ‘ஞூ’வும் ‘ஹூ’வும் அவை போன்ற வேறு சிலவும் அந்தக் கல்வெட்டில் ஓரிடத்தும் வரவில்லை. 1990களின் தொடக்கத்திலே கொட்டாஞ்சேனையில் அச்சான மலர்களின் கோப்புகளோ, டொஸ் காலத்துத் தமிழ் நிரல் உள்ள நெகிழ்வட்டுகளோ அன்பர் எவரிடமேனும் இருப்பின், தூசி தட்டி எடுத்துவைத்து, இப்பகுதியின் ஆசிரியர் வாயிலாக எனக்கு அறியத் தருவார்களாக.